மதகடிப் பூவரசங் கொப்பு

நீங்கள் தந்த பேனை நன்றாக எழுதுகிறது, பிள்ளை. என்னுடைய பேனை மாரி தொடங்கினால் விக்கி விக்கித்தான் எழுதும். நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீங்கள். வேண்டாம். ஒழுங்கைச் சனத்துக்காக முப்பது வருசம் எழுதின கை இது. இதையும் அதுவே எழுதட்டும். உங்களுக்கு வைத்த தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கோ. நான் முடிக்க நேரம் எடுக்கும்.

வெளியில், பொலிஸ் நிலைய வாங்கில் றஞ்சித் இருக்கிறார். அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுக்கச் சொல்லுங்கோ. காலமை ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். அவர் இன்று உங்களிடம் கையெழுத்து வைக்க வந்திருப்பது எனக்குத் தெரியும். அவர் வைப்பதற்கு முதல் நான் எழுதி முடித்துவிட வேண்டும்.

என் பெயர் குணலட்சுமி. வயது அறுபத்தெட்டு. என் கணவர் போய்ப் பதினொரு வருசம். புளியடி ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில் மதகோடு ஒட்டின வீடு என்னுடையது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் பழைய அரசாங்கக் கச்சேரிக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிவிட்டேன். கரண்ட் கம்பம் சரிந்தால், கிணற்றுக்குப் பக்கத்தில் ஆராவது மலசலகூடக் குழி வெட்டினால், சனம் என் படலையில் வந்து நிற்கும். "அக்கா, சபைக்கு ஒரு பெட்டிசம் போடவேணும்." வீட்டில் ஒருவர் செத்துப்போனாலும் வந்து நிற்கும். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு, போனவரின் வரலாறும், பெண்சாதி பிள்ளைகள் புலம்புகிற பாட்டும் எழுதவேண்டும். நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறேன். இருக்கிறவைக்குப் பெட்டிசம், போனவைக்குக் கல்வெட்டு. அந்த ஒழுங்கையில் என் எழுத்து நுழையாத வீடு இல்லை.

இதைப் பெருமைக்கு எழுதவில்லை என்று அடுத்ததாக எழுத வந்தேன். பெருமைக்குத்தான் எழுதியிருக்கிறேன். வெட்டாமல் விடுகிறேன். உங்களுக்கு உதவும்.

எங்கள் ஒழுங்கை பள்ளம். உரும்பிராய்ப் பக்கத்து மேட்டில் பெய்கிற மழை, தோட்டங்களைத் தாண்டி எங்களிடம்தான் வரும். ஒழுங்கைக் கரையில் திறந்த வெள்ளவாய்க்கால் ஒன்று ஓடும். அது என் வீட்டு மூலையில் ஒரு குழிக்குள் விழுந்து, அங்கிருந்து மதகுக் குழாயால் றோட்டைக் கடந்து தரவை வெளிக்குப் போகும். குழி என் கழுத்தளவு ஆழம். மாரி தொடங்க முதல் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் துப்புரவாக்குவோம். அப்படித்தான் வெள்ளம் எங்களை விட்டுவைத்தது.

போன வருசம் அந்த வாய்க்காலுக்கு மேலே கொங்கிறீற் மூடி போட்டு, நடைபாதை ஆக்குவதாகப் பிரதேச சபை முடிவெடுத்தது. சனம் பயந்தது. மூடிவிட்டால் ஆர் இறங்கித் துப்புரவாக்குவது, பிளாஸ்ரிக்கும் பனையோலையும் உள்ளே அடைத்தால் ஆருக்குத் தெரியும், வீட்டுக்குள் அல்லவா தண்ணி ஏறும். நியாயமான பயம்தான். நான் பெட்டிசம் எழுதினேன். மூன்று பந்தி. இரண்டாம் பந்தி இப்படி இருந்தது: 'மழைக்காலத்தில் இந்நடைபாதையினால் வெள்ளம் தேங்கி, வயோதிபர்களுக்கும் வலுவிழந்தோருக்கும் உயிராபத்து ஏற்படும் என்பதைத் தயவுடன் அறியத்தருகிறோம்.' நான் எழுதினவற்றுள் நல்ல வசனம் அது. அறுபத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

வைக்காதவர் ஒருவர். தம்பிஐயா. எனக்கு எதிர்வீடு. மீள்குடியேறின வருசம் தோட்டம் கொத்தப்போய், மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்தவர். பொய்க்கால் போட்டிருந்தார். ஒரு பசு வளர்த்தார். பின்னேரம் நாலு மணிக்குக் கால்மணி இருக்க, பால்கானோடு பால் சேர்க்கிற இடத்துக்கு நடப்பார். அவர் படலை திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஒழுங்கையில் பின்னேரத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார்கள்.

"உந்த வலுவிழந்தோர் எண்டது நானோ அக்கா?" என்று கடதாசியைப் பார்த்துக் கேட்டார். "என்னைக் கேளாமல் என்னைப் பெட்டிசத்துக்கை இறக்கிப்போட்டியள்."

"உங்களுக்காகவும்தானே தம்பிஐயா எழுதினது."

"எனக்காக எண்டால் நடைபாதை வேணும் எண்டல்லோ எழுதவேணும். சேத்துக்கை உந்தக் கால் புதைஞ்சால் கால் அங்கை நிக்கும், நான் இஞ்சை நிப்பன். உங்களுக்கு ரெண்டு கால், எனக்கு ஒண்டரை. அந்த அரைக்காலுக்கு எண்டாலும் ஒரு பாதை தாங்கோவன்."

அவர் பெண்சாதி மகாதேவி உள்ளே இருந்து, "அக்காவோடை வாயைக் குடுக்காதையுங்கோ, நாளைக்கு உங்களுக்கும் கல்வெட்டு எழுதிப்போடுவா" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அறுபத்திரண்டாம் இலக்கத்தை அவருக்கென்று வெறுமையாக விட்டுக் கடதாசியை மடித்தேன்.

பெட்டிசம் கிடைத்ததும் சபையிலிருந்து றஞ்சித் வந்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று நீங்கள் எழுதுவீங்கள். எங்கள் சனம் இன்னும் ஓவசியர் என்றுதான் சொல்லும். நல்ல மனிசன். மூன்றுகால் கருவியை நிறுத்தி மட்டம் பார்த்து, குழாயைப் பெரிதாக்கப் போவதாகவும், இருபது அடிக்கு ஒன்றாக இரும்பு வளையம் வைத்த மூடி போடப் போவதாகவும், அதைத் தூக்கித் துப்புரவாக்கலாம் என்றும் சனத்துக்கு விளங்கப்படுத்தினார். நான் இரண்டாம் பந்தியை எடுத்து எல்லாருக்கும் முன்னால் வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, தண்ணிக்குப் பெட்டிசம் வாசிக்கத் தெரியாது. அது பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும்" என்றார்.

சனம் சிரித்தது. கையெழுத்து வைத்த சனம்தான். நானும் சிரித்தேன்.

ஆவணியில் நடைபாதை முடிந்தது. ஐப்பசியில் முதல் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான் படலையில் நின்று பார்த்தேன். தண்ணி மூடிக்குக் கீழே சளசளவென்று ஓடி, குழியில் விழுந்து, தரவைக்குப் போய்விட்டது. றோட்டில் ஒரு சாண் தண்ணிகூட நிற்கவில்லை. அறுபத்தொரு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு, சேறு படாமல், அந்த நடைபாதையால் என் வீட்டைக் கடந்து போனார்கள்.

பக்கத்து வளவு ஏரம்பு பகிடிக்காரன். "என்ன குணலட்சுமியக்கா, வெள்ளம் எந்த பஸ்ஸிலை வருதாம்?" என்று கேட்டான். பிறகு அது ஒழுங்கையின் கதையாகிவிட்டது. கடையில், கோயிலில், கிணற்றடியில், "அக்காவின்ரை வெள்ளம் இன்னும் பஸ் ஏறேல்லையோ?" ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கார்த்திகை பிறக்க, தண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு பெட்டிசம் போகவேண்டி வந்தது. அதை என்னிடம் கொண்டுவரவில்லை. சந்தியில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற கடையில் அடித்து எடுத்தார்கள். எனக்குக் கையெழுத்துக்கு மட்டும் கொண்டுவந்தார்கள். வைத்தேன். அதில் நாலு பிழை இருந்தது. சொல்லவில்லை.

பிள்ளை, இதுவரை எழுதினதில் ஒரு குற்றமும் இல்லை. இனி மெதுவாக வாசியுங்கோ.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், கடும் மழை வரப்போகிறது என்று றேடியோ சொல்லத் தொடங்கின கிழமை, நான் பத்துக் கிலோ அரிசிப் பைகள் ஏழு எடுத்து மண் நிரப்பினேன். மண்மூட்டை கட்ட எங்கள் வயதுச் சனத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பங்கர் கட்டின கைகள். பையை முழுக்க நிரப்பக்கூடாது. முழுக்க நிரப்பினால் அது கல்லுமாதிரி விறைத்து நிற்கும், இடையில் வெளி விடும். முக்கால்வாசி நிரப்பினால்தான் ஒன்றின் மடியில் ஒன்று அமர்ந்துகொள்ளும், காற்றும் போகாது. செல் அடிக்குத் தப்ப என் கணவர் காட்டித் தந்தது. ஒரு நாளைக்கு ஒரு பையாக நிரப்பி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கினேன். ஆரும் கேட்டால், கூட்டுக்குள் தண்ணி போகாமல் வைக்க என்று சொல்ல இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

நான் நினைத்தது இதுதான். ஒரு நாள் ஒழுங்கையில் தண்ணி நிற்கவேண்டும். வெள்ளம் நிற்கிற இடங்களைப் பார்க்கச் சபையிலிருந்து ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். எடுத்துப்போன பிறகு பைகளைக் கொக்கித்தடியால் இழுத்துவிட்டால் தண்ணி போய்விடும். ஒரு வீட்டுக்குள்ளும் ஏறாது. அளந்துதான் பார்த்தேன். முழங்காலளவு, ஒரு பின்னேரம். அவ்வளவும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே மழை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் விடுமுறை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, எல்லாரும் சாப்பாட்டில் இருக்கிற நேரம், என் கணவரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மதகடிக்குப் போனேன். குழிக்கு மேலிருந்த மூடியை அலவாங்கால் நெம்பி ஒரு பக்கம் தள்ளினேன். ஒரு ஆள் இறங்கக்கூடிய அளவு வெளி வந்தது. பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து உள்ளே விட்டேன். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓடுகிற தண்ணியே பையை இழுத்துக் குழாய் வாயில் அமர்த்திக்கொண்டது.

ஐந்தாவது பை போகும்போது எதிர்வீட்டு விறாந்தையிலிருந்து மகாதேவி கூப்பிட்டாள்.

"என்னக்கா, உந்தக் கொட்டிற மழைக்கை?"

"மதகுக்கை குப்பை அடைச்சுப்போட்டுது பிள்ளை. எடுத்துவிடுறன்."

"மற்றச் சனத்துக்கு உந்த அக்கறை இருக்கே? நில்லுங்கோ, வாறன்."

தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு, ஒரு எவர்சில்வர் கோப்பையில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். "வயசு போன காலத்திலை சளி பிடிச்சால் ஆர் பாக்கிறது?" என்று ஏசினாள். நான் மூடிக்கும் அவளுக்கும் இடையில் நின்று குடித்தேன். நல்ல உறைப்பு. கோப்பையைப் பிறகு தருவதாகச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, மற்ற இரண்டு பையையும் இறக்கினேன்.

மூடியைத் திருப்பித் தள்ள எனக்குப் பலம் இருக்கவில்லை என்று இந்த இடத்தில் எழுதலாம். நீங்கள் நம்புவீங்கள். ஆனால் நான் தள்ளிப் பார்க்கவில்லை. பைகளை வெளியே எடுக்கத் திரும்பவும் திறக்கவேண்டும், இன்னொரு தரம் இடுப்பும் நாரியும் நோகவேண்டும் என்றுதான் அப்படியே விட்டேன். சும்மா விடவில்லை. றோட்டில் குழி இருந்தால் ஒரு கொப்பை முறித்து அதில் நட்டுவிடுவது எங்கள் வழக்கம். தூரத்தில் வருகிறவன் கொப்பைக் கண்டால் விலத்திப் போவான். நானும் என் வேலியில் ஒரு பூவரசங் கொப்பை வெட்டி, மூடிக்கும் குழி விளிம்புக்கும் இடையில் செருகிவிட்டேன். ஆள் உயரம் இருந்தது. நுனியில் இரண்டு மஞ்சள் பூவும் இருந்தது.

இரண்டரை மணிக்குத் தண்ணி நடைபாதையை மூடிவிட்டது. மூன்று மணிக்கு றோட்டில் முழங்காலளவு. நான் அளந்தது சரியாக இருந்தது. சனம் குடையோடு வெளியில் வந்தது. ஏரம்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் படலைக்கு வந்து, "அக்கா, பகிடி பண்ணினதுக்குக் குறை நினையாதையுங்கோ. நீங்கள் எழுதினது எழுதினபடி நடந்திருக்கு" என்றான். இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி, "அந்தப் பெட்டிசத்தின்ரை கொப்பி கிடக்கே அக்கா?" என்று கேட்டாள். கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து வாசித்தேன். மழைச் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தித்தான் வாசிக்கவேண்டியிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் எனக்கு இனித்தது, பிள்ளை. அதை மறைத்தால் மற்றதெல்லாம் எழுதி என்ன பலன்.

கால்மணி இருக்க, எதிர்ப் படலை திறந்தது. தம்பிஐயா பால்கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். றோட்டில் தண்ணி கூட என்று நடைபாதையில் ஏறினார். அது அவருக்குப் பழகின பாதை. மூன்று மாதமாக அந்தப் பொய்க்கால் அதில் ஒரு நாளும் புதையவில்லை. தண்ணிக்குக் கீழே அது மட்டமாக இருக்கும் என்ற நம்பிக்கையில், குனிந்துகூடப் பார்க்காமல், எங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அக்கா, உங்கடை வெள்ளம் பஸ் ஏறி வந்திட்டுது போலை," என்றார். "நீங்கள் வெண்டிட்டியள். கொண்டாங்கோ உந்தப் பெட்டிசத்தை, பாலை ஊத்திப்போட்டு வந்து நானும் கையெழுத்து வைக்கிறன்."

கடதாசி என் கையில்தான் இருந்தது. அறுபத்திரண்டாம் இலக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. அவருக்கும் குழிக்கும் இடையில் பன்னிரண்டு அடி. அவர் நடை எனக்குத் தெரியும். ஒரு கால் வைப்பார், மற்றதை இழுப்பார். பன்னிரண்டு அடி நடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தில் 'தம்பிஐயா, நில்லுங்கோ' என்று ஒருதரம் சொல்லி முடிக்கலாம், இரண்டுதரமும் சொல்லலாம். சொன்னால், ஏன் நிற்கவேண்டும் என்று கேட்பார். அங்கே குழி திறந்து கிடக்கிறது என்று சொல்லவேண்டும். தண்ணிக்குக் கீழே கிடக்கிற குழி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நிற்கிற ஏரம்பு கேட்பான். அதற்கு ஒரு பதில் யோசித்தேன். யோசித்து முடிய முன்னம் பன்னிரண்டு அடியும் முடிந்துவிட்டது.

முதலில் அலறினது நான்தான். ஒழுங்கை முழுக்க அதற்குச் சாட்சி. பால் கொட்டி, அவர் விழுந்த இடத்துத் தண்ணி வெள்ளையாகிப் போயிருந்தது. ஏரம்பு உள்ளே குதித்தான். பொய்க்கால் மூடிக்குக் கீழே மாட்டிக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். வெளியில் எடுக்கும்போது ஒன்றும் செய்ய இருக்கவில்லை. மகாதேவி ஓடிவந்து, தண்ணிக்குள் கிடந்த பொய்க்காலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அது இல்லாமல் அவர் வெளியில் போனதில்லை என்றாள்.

அடுத்த நாள் சபைத் தொழிலாளிகள் இறங்கிப் பைகளை எடுத்தார்கள். கொங்கிறீற் போடும்போது தண்ணி வராமல் மறிக்கப் பை வைப்பது வழக்கமாம். அவற்றை எடுக்காமல் விட்டுவிட்டான், மூடியையும் சரியாகப் போடவில்லை, ஐப்பசி மழைக்கு ஒரு மூலையில் கிடந்த பைகளை இந்த மழை குழாய் வாய்க்கு இழுத்துவிட்டது என்று சனம் ஒரே வாயாகச் சொல்லியது. றஞ்சித்தின் தலையில் எல்லாம் விழுந்தது. பொலிஸ் கொண்டுபோய்ப் பிணையில் விட்டது. வேலையை நிறுத்தினார்கள். சபைக்கும் பொலிசுக்கும் ஒரு பெட்டிசம் போகவேண்டும் என்று சனம் என் படலைக்கு வந்தது. இந்தமுறை கொம்பியூட்டர் கடைக்கு ஒருவரும் போகவில்லை.

எழுதிக் கொடுத்தேன். உங்கள் வழக்குக் கோவையில் மேலே இருக்கிறது அதுதான். 'உத்தியோகத்தரின் பாரதூரமான கவலையீனம்' என்று எழுதினது நான். நூற்றுப் பதினாலு கையெழுத்து.

பிறகு மகாதேவி வந்தாள். "அக்கா, அவருக்குக் கல்வெட்டு நீங்கள்தான் எழுதவேணும். உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்." அவர் பிறந்தது, படித்தது, கால் இழந்தது, பசு வளர்த்தது எல்லாம் எழுதினேன். மனைவி புலம்பல் எழுதும்போது, அவள் வாயால் நான் அழவேண்டும். 'வெள்ளம் கொண்டுபோன என் துணையே' என்று ஒரு வரி எழுதினேன். வெள்ளம் கொண்டுபோகவில்லை என்று வெட்டினேன். வேறு வரி வரவில்லை. திரும்ப அதையே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு அவளோடு நானும் போனேன். அவரின் தமையன் மகன் கிரியை செய்தான். பெண்கள் கேணியில் படி வழுக்கும் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் சொன்னதை ஒழுங்கை கேட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் அக்கா. அண்டைக்கும் நீங்கள் ஒருத்திதானே மழைக்கை நிண்டு குப்பை எடுத்தனீங்கள்" என்றாள். நான் அவள் தலையில் தண்ணி வார்த்தேன். அவளுடைய எவர்சில்வர் கோப்பையை நான் இன்னும் கொடுக்கவில்லை. இன்று பையில் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் கொடுத்துவிடுங்கோ. கழுவித்தான் இருக்கிறது.

இவ்வளவோடும் நான் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சோறு இறங்கியது. நித்திரையும் வந்தது. முந்தநாள் காலமை றஞ்சித் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கோ என்றேன், வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"அம்மா, நான் உங்களோடை சண்டைக்கு வரேல்லை. ஒண்டு கேக்கவேணும். வேலை முடிஞ்ச அண்டைக்கு எல்லாப் பையையும் எண்ணி எடுத்தனான் எண்டுதான் எனக்கு ஞாபகம். மூடியையும் நானே ஏறி நிண்டு பாத்தனான். ஆனால் எல்லாரும் இல்லை எண்டினம். இப்ப எனக்கே தெரியேல்லை. எடுத்தனானோ, எடுத்தமாதிரி நினைக்கிறனோ? நித்திரையிலை எழும்பி எழும்பி எண்ணுறன் அம்மா. ஒரு நாளைக்கு எல்லாம் இருக்கு, ஒரு நாளைக்கு ஏழு குறையுது."

தேத்தண்ணி குடியுங்கோ என்றேன். வேண்டாம் என்றார்.

"மதகு உங்கடை வீட்டோடை. நீங்கள் ஏதும் பாத்தனியளோ?"

"இல்லைத் தம்பி," என்றேன்.

"அப்ப சரி," என்றார். "நான்தான் விட்டிருக்கிறன். திங்கக்கிழமை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கப்போறன். அந்த மனிசிக்கு முன்னாலை எனக்குக் குற்றம் இல்லை எண்டு நிக்க எனக்கு ஏலாது." திரும்பிப் போகும்போது, நடைபாதையில் ஏறாமல் றோட்டுக் கரையால், சேற்றுக்குள் போனார்.

ஒரு மனிசனை நான் குழிக்குள் விட்டது ஒரு பின்னேரம். இன்னொரு மனிசன் தானே இறங்கி, தானே மூடியையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அதுதான் நான் இன்று முதல் பஸ்ஸில் வந்தேன்.

இப்போது கொப்பைப் பற்றி எழுதவேண்டும். குழியில் கொப்பு நட்டால் தம்பிஐயா எப்படி விழுந்தார் என்று வாசிக்கும்போதே யோசித்திருப்பீங்கள். நல்ல பிள்ளை, நான் எழுத எழுதத் தாள் தாளாக வாங்கி வாசித்தும் குறுக்கே கேட்காமல் விட்டீங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குப் பிறகு கிராமசேவையாளர் போன் எடுத்தார். "அம்மா, வெள்ளம் பாக்க இண்டைக்கே நாலு மணிக்குச் சபை ஆக்கள் வருகினம். கமராவோடை வருகினம். உங்கடை ஒழுங்கைதான் முதல்." நான் எட்டிப் பார்த்தேன். நடைபாதை முழுக்கத் தண்ணி, நடுவில் அந்தப் பூவரசங் கொப்பு, மஞ்சள் பூவோடு. படத்தில் அதுதான் முதலில் தெரியும். ஏன் கொப்பு, ஆர் நட்டது, மூடியை ஆர் திறந்தது என்று கேள்வி வரும். நான் தண்ணிக்குள் இறங்கிப் போய் அதைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டு வந்து என் வேலியில் ஒரு பொட்டு வெளியில், மற்ற வேலிக் கதியால்களைப் போல ஊன்றிவிட்டேன். பிறகுதான் ஏரம்பு வந்தான். பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள். பிறகுதான் பெட்டிசம் வாசித்தேன்.

மணி மூன்று இருபது இருக்கும். நாலு மணிக்குக் கால்மணி இருக்கத் தம்பிஐயா அந்த வழியால் வருவார் என்பது எனக்குத் தெரியும். இந்த மழைக்குள் போகமாட்டார் என்று நினைத்தேன். இவ்வளவு நாளும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை என்று பசு பால் தராமல் விடுமா? பதினைந்து வருசத்தில் அவர் போகாத நாள் ஒன்றைச் சொல்லு என்றால் என்னால் சொல்ல முடியாது. கொப்பைப் பிடுங்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் பிடுங்கினேன்.

அந்தக் கொப்பு இப்போது வேர் பிடித்துவிட்டது. முந்தநாள் றஞ்சித் படலையில் நின்று கதைக்கும்போது அவர் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நாலு துளிர் விட்டிருக்கிறது. மற்றக் கதியால்களுக்குள் அதை உங்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் அடையாளத்துக்கு ஒரு வெள்ளைச் சீலைத் துண்டு கட்டிவிட்டு வந்தேன்.

மேலே எழுதியவை யாவும் நான் சுயமாக எழுதியவை. றஞ்சித் எல்லாப் பைகளையும் எண்ணி எடுத்தவர். மூடியைச் சரியாகப் போட்டவர். அவரைக் கூப்பிட்டு இந்த வரியை முதலில் வாசித்துக் காட்டுங்கோ. அவர் எண்ணுவதை இன்றோடு நிறுத்தட்டும். பைகள் ஏழும் என்னுடையவை. தம்பிஐயாவைக் கொன்றது நான்.

கையெழுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் அழவேண்டாம், பிள்ளை. இதற்கு அழுகிற வயது இல்லை உங்களுக்கு. கடதாசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இன்னும் ஒன்று மட்டும். என் முதல் பெட்டிசம் உங்கள் கோவையில் எங்கேயோ அடியில் கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கோ. உயிராபத்து ஏற்படும் என்று நான் முன்கூட்டியே எழுதியிருந்தேன். அந்த இரண்டாம் பந்தி பிழைக்கவில்லை என்பதையும் அறிக்கையில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கோ.